விலை இறங்கிவிட்டதா? ரிட்டர்ன் போடும் முன் ஒரு கணக்கு

சேலுக்கு ஒரு வாரம் முன்னால் 6,000 ரூபாய்க்கு ஒரு டிராலி பெட்டி செட் வாங்கியிருக்கிறீர்கள். சேல் தொடங்கிய இரவு அதே செட் 5,499 என்று நிற்கிறது. வந்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, ரிட்டர்ன் நாள் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கினால் 501 ரூபாய் மிச்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முதலில் வாங்கியபோது கிரெடிட் கார்டுக்கு 10% உடனடித் தள்ளுபடி கிடைத்திருந்தால், கையைவிட்டுப் போன பணம் 5,400 தான். அந்த ஆஃபர் பெரும்பாலும் ஒரு கார்டுக்கு ஒரு முறை. பயன்படுத்தியாகிவிட்டது, ரிட்டர்ன் போட்டாலும் அந்த வாய்ப்பு திரும்பி வருவது அரிது. இப்போது 5,499-க்கு வாங்கினால் 99 ரூபாய் நஷ்டம். அலைச்சல் தனி.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பழைய ஆர்டரின் இன்வாய்ஸும் வங்கியில் இருந்து வந்த எஸ்எம்எஸும். பொருளின் பக்கத்தில் வெட்டிக் காட்டிய எம்ஆர்பியையும் '62% தள்ளுபடி' என்ற வரியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. போனது எவ்வளவு, திரும்பி வரப்போவது எவ்வளவு, இரண்டாம் முறை போகப்போவது எவ்வளவு. இந்த மூன்று எண்களை ஒரு தாளில் எழுதினால் பாதிப் பேர் ரிட்டர்ன் யோசனையை அங்கேயே விட்டுவிடுவார்கள். மீதிப் பாதிக்கு உண்மையாகவே பணம் மிஞ்சும். இந்தப் பதிவு அவர்களுக்கு.

இந்தியாவில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'மனசு மாறிவிட்டது' என்றோ 'வேறு இடத்தில் விலை குறைவு' என்றோ பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் சட்டம் தரவில்லை. 2020 நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்வது இவ்வளவுதான்: பழுதான பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள், சொன்ன தேதி கடந்து வந்த பொருள் ஆகியவற்றைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. அதற்கு மேல் 7 நாள், 10 நாள், 30 நாள் என்று தளங்கள் தருவதெல்லாம் அவர்களாக வைத்துக்கொண்ட கொள்கை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் நிலைமை வேறு. அங்கே ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் சில கடைகளில் பொருளைத் திருப்பவே வேண்டியதில்லை. காஸ்ட்கோவின் இணையதளத்தில் வாங்கிய பொருளின் விலை அங்கேயே 30 நாளுக்குள் இறங்கினால், கேட்டவருக்கு வித்தியாசத்தைத் தந்துவிடுகிறார்கள். நம் ஊர்த் தளங்களில் பெரும்பாலும் இந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் இங்கே திருப்பிக் கொடுத்து மறுபடி வாங்கும் சுற்று வழி தேவைப்படுகிறது.

கொள்கை என்பதால் பொருளுக்குப் பொருள் மாறும். அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் துணி, செருப்பு, பை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பணத்தைத் திரும்பப் பெறும் வசதி உண்டு. மொபைல், லேப்டாப், டிவி, ஃபிரிட்ஜ், ஏசி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்று இருக்கும். அதாவது பழுது என்றால் மாற்றித் தருவார்கள், அதுவும் சில சமயம் டெக்னீஷியன் வந்து பார்த்த பிறகு. விலை குறைந்தது என்பதற்காக அவற்றைத் திருப்ப வழியே இல்லை. உள்ளாடை, அழகுசாதனம், காதுக்குள் வைக்கும் இயர்போன் போன்றவற்றைப் பிரித்துவிட்டால் கதை முடிந்தது. இந்த விவரம் பொருளின் பக்கத்தில் விலைக்குக் கீழே சின்ன ஐகானாக இருக்கும். அதைத் தொட்டால் முழு விதியும் விரியும். ஆர்டர் போடும் நாளிலேயே அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதே பொருளை வேறொரு விற்பனையாளர் வேறு விதியோடு விற்கலாம், பக்கமும் பிறகு மாறலாம்.

திருப்பும் உரிமைக்கே ஒரு விலை இருக்கிறது என்பதை மீஷோ வெளிப்படையாகக் காட்டுகிறது. அங்கே பல பொருள்களுக்கு இரண்டு விலை இருக்கும். எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, தவறான அல்லது பழுதான பொருள் வந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் அதைவிடச் சற்றுக் குறைவு. குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தவர் பிறகு விலை இறங்கியது என்று திருப்ப முடியாது. மற்ற தளங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ரீப்ளேஸ்மென்ட் மட்டும் உள்ள பொருள்களுக்கு ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருக்கிறது: டெலிவரிக்கு முன்னால். ஆர்டர் போட்ட நேரம் முதல் பொருள் கிடங்கை விட்டுக் கிளம்பும் வரை 'கேன்சல்' ஒரே தட்டில் முடியும். கிளம்பிய பிறகும் பல நேரம் கேன்சல் கோரிக்கையை ஏற்றுக்கொள்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால், வாசலில் வந்தவரிடம் 'வேண்டாம்' என்று வாங்க மறுத்துவிடலாம். ஓடிபி கேட்டால் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஓடிபி சொன்ன நொடியில் பொருள் டெலிவரி ஆகிவிட்டதாகப் பதிவாகும், பிறகு ரீப்ளேஸ்மென்ட் விதிதான் பேசும். மறுத்த பொருளுக்கான பணம், பொருள் கிடங்குக்குத் திரும்பிய பிறகுதான் வரும் என்பதால் சில நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கும். கேன்சல் செய்ததற்குக் கட்டணம் கேட்டால், அதே 2020 விதிகளைக் காட்டலாம். தளம் தன் தரப்பில் கேன்சல் செய்யும்போது அதே போன்ற கட்டணத்தை ஏற்காத நிலையில், வாங்குபவரிடம் மட்டும் அதை வசூலிக்கக் கூடாது.

இந்த ஜன்னலின் மதிப்பை 2025 செப்டம்பர் நன்றாகக் காட்டியது. செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, டிஷ்வாஷர் ஆகியவற்றின் வரியை 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைத்தது. நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22. அடிப்படை விலை 25,000 உள்ள ஏசி 28% வரியோடு 32,000. அதுவே 18% வரியோடு 29,500. வரி குறைந்ததில் மட்டும் 2,500 ரூபாய் வித்தியாசம், அதாவது பழைய விலையில் 7.8%. அதற்கு மேல் பண்டிகை சேலும் அதே வாரம் தொடங்கியது. செப்டம்பர் நடுவில் ஆர்டர் போட்டு, பொருள் இன்னும் கிளம்பாமல் இருந்தவர்களுக்குக் கேன்சல் போதுமானதாக இருந்தது. ஏசி சுவரில் ஏறியவர்களுக்கு ஒரு வழியும் இல்லை. பெரிய பொருள் வாங்கும்போது டெலிவரி தேதியைச் சற்றுத் தள்ளிப் போட வசதி இருந்தால், சேல் அறிவிப்புக்கு அருகில் அதைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

இனி கணக்குக்குள் வருவோம். பலர் தவறுவது நோ-காஸ்ட் இஎம்ஐயில், அதாவது 'வட்டி இல்லை' என்று சொல்லி விற்கும் மாதத் தவணையில். 24,000 ரூபாய்ப் பொருளை 6 மாத நோ-காஸ்ட் இஎம்ஐயில், வங்கியின் வட்டி ஆண்டுக்கு 16% என்ற கணக்கில் வாங்கினால் உள்ளே நடப்பது இது. வட்டித் தொகையான ஏறக்குறைய 1,081 ரூபாயை விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறார். உங்கள் கார்டில் கடனாக ஏறுவது 22,919. ஆறு தவணையிலும் வட்டி சேர்த்துக் கட்டினால் 24,000 ஆகிறது. வட்டி மேல் வங்கி போடும் 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில், அது சுமார் 195 ரூபாய். அதோடு பல வங்கிகள் இஎம்ஐ செயலாக்கக் கட்டணமாக 199 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் எடுக்கின்றன, மொத்தம் 235.

இப்போது ரிட்டர்ன் போட்டால் விற்பவரிடம் இருந்து கார்டுக்குத் திரும்புவது 22,919 தான். இஎம்ஐ ரத்தாகும், ஆனால் அந்த 235 வராது. ரீஃபண்ட் வருவதற்குள் முதல் தவணை பில்லில் ஏறிவிட்டால், அந்த மாதத்து வட்டி 305 ரூபாயும் அதன் ஜிஎஸ்டி 55 ரூபாயும் பொதுவாக உங்கள் கணக்கிலேயே நிற்கும். ஆக 595 ரூபாய் வரை வெறுமனே போகும். இரண்டாவது ஆர்டரையும் இஎம்ஐயில் போட்டால் செயலாக்கக் கட்டணம் மறுபடி. விலை இறக்கம் 800 ரூபாய்க்குக் கீழ் என்றால், இஎம்ஐயில் வாங்கிய பொருளைத் தொடாமல் இருப்பதே நல்லது. ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும் என்றால், கார்டின் ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே ரீஃபண்ட் வந்து சேரும்படி போடுங்கள். ரீஃபண்ட் வந்ததும் வங்கியை அழைத்து இஎம்ஐ கணக்கு மூடப்பட்டதா என்று கேட்பது அவசியம். சில சமயம் ரீஃபண்ட் தனியாகவும் இஎம்ஐ தனியாகவும் ஓடிக்கொண்டிருக்கும், அது தானாகச் சரியாகிவிடாது.

சின்னக் கசிவுகளும் உண்டு. வங்கி ஆஃபரைப் பயன்படுத்தும் ஆர்டர்களுக்குச் செயலாக்கக் கட்டணம் என்று சில தளங்கள் தனியாக எடுக்கின்றன, ரிட்டர்ன் போட்டால் அது திரும்பாது. முதல் ஆர்டருக்கு வந்த கேஷ்பேக்கை ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். கிஃப்ட் கார்டிலோ வாலட்டிலோ கட்டிய பகுதி அங்கேயே திரும்பும், வங்கிக் கணக்குக்கு வராது. 'இரண்டு வாங்கினால் 10%' போன்ற சேர்த்து வாங்கும் ஆஃபரில் ஒன்றை மட்டும் திருப்பினால் ரீஃபண்ட் விகிதாசாரமாகக் குறையும். இலவசமாக வந்த பொருளையும் சேர்த்தே திருப்ப வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் அது திரும்பி வராது என்பதே பொது விதி, அதனால் எக்ஸ்சேஞ்ச் ஆர்டர்களை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

கணக்கு தேறிவிட்டது என்றால் வரிசை முக்கியம். முதலில் புதிய ஆர்டர், பிறகுதான் ரிட்டர்ன். தலைகீழாகச் செய்பவர்கள் ரீஃபண்ட் வரும் வரை காத்திருந்து, அதற்குள் சேல் முடிந்து, பழைய விலைக்கே திரும்ப வாங்குகிறார்கள். புதியதை ஆர்டர் போடும்போது மூன்றை ஒப்பிடுங்கள். மாடல் எண் கடைசி எழுத்து வரை அதேதானா, ஏனென்றால் ஒரே பெயரில் சேலுக்கென்று சற்றுக் குறைந்த மாடல் வருவது உண்டு. விற்பவர் யார், இந்திய வாரண்டி உண்டா. அளவு, நிறம், உள்ளே வரும் துணைப் பொருள்கள் அதேதானா. இரண்டு பொருளுக்கான பணமும் சில நாள் ஒரே நேரத்தில் முடங்கும் என்பதையும், கிரெடிட் கார்டு லிமிட் அதற்குத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியது கைக்கு வரும் வரை பழைய பெட்டியின் சீலை உடைக்காமல் வைத்திருப்பது நல்லது. சேல் நாட்களில் ஸ்டாக் இல்லை என்று ஆர்டர்களை அவர்களே கேன்சல் செய்வது சாதாரணம். ஆனால் ரிட்டர்ன் கடைசி நாளைத் தாண்டிக் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் கோரிக்கை பதிவான தேதிதான் கணக்கு, வீட்டுக்கு வந்து எடுக்கும் தேதி பின்னால் இருக்கலாம். கடைசி நாள் நள்ளிரவு வரை தள்ளினால் செயலி மக்கர் செய்யும்போது மாட்டிக்கொள்வோம். இரண்டு நாள் முன்பே போட்டுவிட்டு, பிக்கப் தேதியைத் தள்ளிக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு குறுக்கு வழி பலருக்குத் தோன்றும். பழையதைப் பிரித்துப் பயன்படுத்தியாகிவிட்டது, புதியது சீலோடு வந்திருக்கிறது. பழைய ஆர்டரின் கீழ் புதிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் என்ன? தயவுசெய்து செய்யாதீர்கள். போன், வாட்ச், ஹெட்ஃபோன், கேமரா போன்றவற்றில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி சீரியல் நம்பர் உண்டு, போனுக்கு ஐஎம்இஐ உண்டு, பல இன்வாய்ஸ்களில் அந்த எண் அச்சாகியே வருகிறது. பிக்கப்புக்கு வருபவர் செயலியில் எண்ணைப் பொருத்திப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் வாசலிலேயே நிராகரிப்பார். வாசலில் தப்பினாலும் கிடங்கில் சிக்கும், அப்போது ரீஃபண்டும் நிற்கும், பொருளும் உங்களிடம் இருக்காது. அதுவும் தப்பியது என்று வைத்துக்கொண்டாலும், கையில் இருக்கும் பொருளின் எண்ணும் இன்வாய்ஸில் உள்ள எண்ணும் வேறு வேறு. எட்டாவது மாதம் பழுதானால் சர்வீஸ் சென்டரில் அந்த இன்வாய்ஸ் செல்லாது. ஒவ்வொரு பெட்டியும் அதன் சொந்த ஆர்டரின் கீழ்தான் திரும்ப வேண்டும். பழையதைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்றால் அது உங்களுடையது, அதோடு விட்டுவிடுங்கள்.

குழப்பம் தவிர்க்க, இரண்டாவது பெட்டி வந்தவுடன் இரண்டின் மேலும் மார்க்கரில் அல்லாமல் ஒட்டுத்தாளில் 'பழசு', 'புதுசு' என்று எழுதி, ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் சேர்த்து ஒட்டுங்கள். நிறுவனத்தின் பெட்டி மேல் நேராக எழுதினாலோ டேப் ஒட்டினாலோ அதையே சேதம் என்று சொல்லலாம். துணி என்றால் எம்ஆர்பி டேக்கும் பிராண்டு டேக்கும் அறுபடாமல் தொங்க வேண்டும்.

பிக்கப் நாளில் வாசலில் நடப்பது இரண்டு நிமிட வேலை, ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பல ரிட்டர்ன்கள் கெடுகின்றன. வருபவர் பையில் இருந்து போனை எடுத்து, திரையில் வரும் கேள்விகளுக்கு வரிசையாக ஆம், இல்லை தட்டுவார். பொருள் அதேதானா, நிறம் அதேதானா, பெட்டி இருக்கிறதா, டேக் இருக்கிறதா, சேதம் உண்டா. பிறகு பெட்டியைப் படம் எடுப்பார், சில பொருளுக்குச் சீரியல் நம்பரைத் தட்டச்சு செய்வார் அல்லது ஸ்கேன் செய்வார். ஒரு கேள்விக்குத் தவறான பதில் விழுந்தால் செயலி பிக்கப்பை ரத்து செய்துவிடும், அவராலும் மீட்க முடியாது. அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. ஆகவே அவர் வருவதற்கு முன்பே சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மேலே தெரியும்படி பெட்டியை வைத்து, சார்ஜர், கேபிள், மேனுவல் எல்லாம் உள்ளே இருப்பதைச் சரிபார்த்து, ஆறு பக்கமும் படம் எடுத்து வைத்திருங்கள். ஒருமுறை ஆன் செய்த சாதனம் என்றால் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் இருந்து வெளியேறி, 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, ஃபேக்டரி ரீசெட் செய்திருக்க வேண்டும். லாக் உள்ள சாதனத்தை எடுக்க மாட்டார்கள். அவர் கிளம்பும் முன், எடுத்துக்கொண்டதற்கான எஸ்எம்எஸ் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அவர் திரையில் 'பிக்கப் முடிந்தது' என்று காட்டுவதையாவது ஒரு படம் எடுங்கள்.

ரிட்டர்ன் காரணத்தை உண்மையாகச் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 'குறைந்த விலையில் கிடைக்கிறது' என்றோ 'இனி தேவையில்லை' என்றோ ஒரு தேர்வு பட்டியலிலேயே இருக்கும். அந்தத் தேர்வு இல்லை என்றால் அந்தப் பொருளுக்கு அந்த உரிமை இல்லை என்று பொருள். நல்ல பொருளைப் 'பழுது' என்று சொல்லித் திருப்பினால், அது விற்பவரின் கணக்கில் பழுதுப் புகாராக ஏறுகிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் எப்போதும் பெரிய நிறுவனம் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் பத்துத் தையல் மெஷின் வைத்து டி-ஷர்ட் அனுப்புபவராக இருக்கலாம். போக வரக் கூரியர் செலவும், கசங்கி வந்த பெட்டியும், மறுபடி புதிதென்று விற்க முடியாத பொருளும் அவர் மேல்தான் விழும். சீல் உடைக்காத பெட்டி, சொன்ன காரணம் உண்மை, கொள்கைக்குள் வரும் நாள் என்ற மூன்றும் இருந்தால் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 120 ரூபாய்க்காக இதைச் செய்வதுதான் சரியில்லை. அடிக்கடி திருப்பும் கணக்குகளைத் தளங்கள் கவனிக்கின்றன. கேஷ் ஆன் டெலிவரி வசதி போவது, ரிட்டர்ன் வசதி சுருங்குவது, கடைசியில் கணக்கே முடங்குவது வரை போகலாம். என் அளவுகோல்: நிகர மிச்சம் பொருளின் விலையில் 8 சதவீதமாவது, அதோடு 500 ரூபாய்க்கு மேலாவது இருந்தால் மட்டும்.

பணம் வரும் வேகம் கட்டிய வழியைப் பொறுத்தது. வாலட்டுக்கு உடனே வந்துவிடும், யூபிஐக்கும் கார்டுக்கும் சில வேலை நாட்கள் ஆகும். சில ஆர்டர்களுக்குப் பொருள் கைமாறியதுமே ரீஃபண்ட் தொடங்கும், மற்றவற்றுக்குக் கிடங்கில் பிரித்துப் பார்த்த பிறகு.

கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் ஒரு விதியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டுதல்படி, பில் தொகையை நீங்கள் இன்னும் கட்டாமல் இருக்கும்போது கடைசி தேதிக்கு முன் ரீஃபண்ட் வந்தால், வங்கி அதைக் கட்ட வேண்டிய தொகையில் உடனே கழித்து உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு வந்தால், கிரெடிட் லிமிட்டில் 1% அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதற்கு மேற்பட்ட தொகையைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வங்கிக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டும். ஆனால் 'ரீஃபண்ட் வந்துகொண்டிருக்கிறது' என்று நம்பிப் பில்லைக் கட்டாமல் இருக்காதீர்கள். கடைசி தேதிக்குள் அது கார்டில் ஏறவில்லை என்றால் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். 5,400 ரூபாய் ரீஃபண்டுக்காகக் காத்திருந்து தாமதக் கட்டணமும் வட்டியும் கட்டினால், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

சொன்ன நாள் கடந்தும் வரவில்லை என்றால் தளத்தின் உதவிப் பிரிவில் கேட்க வேண்டியது ரீஃபண்டின் குறிப்பு எண். கார்டுக்கு அது ஏஆர்என், யூபிஐக்கு யூடிஆர். அந்த எண்ணை வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேட முடியும். எண்ணே தர மறுத்தால், அல்லது 'பெட்டி காலியாக வந்தது' என்று சொன்னால், ஆறு பக்கப் படங்களும் பிக்கப் எஸ்எம்எஸும் அப்போதுதான் பேசும். அவற்றோடு தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 விதி. அதுவும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். ஆர்டர் எண், பிக்கப் தேதி, தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.